பப்பாளியைக் காத்த குளவி

2008இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகத் தென்பட்டது எங்கள் கோயம்புத்தூரில்தான். பூர்வீகம் மெக்சிகோ. எங்கள் பொறக்கடையில் பப்பாளியும் செம்பருத்தியும் வெள்ளை அப்பி வாடின. தோட்டங்களில் மரவள்ளியும் மல்பெரியும் தப்பவில்லை. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் தெளித்தோம். பூச்சியின் மேலிருந்த மெழுகுப் பொடி எதையும் ஒட்டவிடவில்லை. பூச்சி வெயிலில் பெருகும், அடைமழையில் அடங்கும்.

2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொசுவைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, விஞ்ஞானிகள் பெருக்கிப் பரப்பினார்கள். மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும் குளவி அது. குளவியின் புழு உள்ளிருந்தே தின்று தீர்த்துவிடும். பப்பாளி மீண்டது.

இன்றும் மாசியிலேயே இலைகளைப் புரட்டிப் பார்க்கிறேன். மாவுப்பூச்சியைத் தேடி எறும்புச் சாரை ஏறினால் தண்டைத் தேய்த்துக் கழுவுகிறேன். விஷமருந்து மட்டும் அடிப்பதில்லை. அடித்தால் முதலில் சாவது குளவிதான்.