கண்டி வீதியும் கணினிக் கொள்ளளவியும்

யாழ்ப்பாணத்தைத் தென்னிலங்கையோடு இணைக்கும் கண்டி வீதி 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. நெல்லியடிக்குத் தரைவழியே கணினிகள் வரக்கூடியதாயிருந்த அவ்வாண்டுகளே, பழுதான கொள்ளளவிகள் பொருத்திய தாய்ப்பலகைகள் உலகெங்கும் விலைப்பட்ட ஆண்டுகளுமாம்.

தாய்வானில் உற்பத்தியான அலுமினியக் கொள்ளளவிகள் பலவற்றில் நீர் மிகுந்த மின்பகுபொருள் நிரப்பப்பட்டிருந்தது. நீர் அலுமினியத்தைத் தாக்காது காக்கும் சேர்க்கை அதிற் போதாமையால், ஐதரசன் வாயு திரண்டு கொள்ளளவியின் தலை வீங்கிப் பிளந்தது. களவாடிய சூத்திரத்தின் அரைகுறைப் பிரதியே இதுவென்பர். சுவையான கதைதான், ஆயின் நிறுவப்பட்டதன்று.

நம்மூர் வெயிலையும் தளம்பும் மின்னழுத்தத்தையும் குறைகூறுதல் எளிது. வெப்பம் கொள்ளளவியின் ஆயுளைக் குறைப்பது மெய்யே. எனினும் அமெரிக்க அலுவலகங்களில், யப்பானியக் கொள்ளளவிகள் பொருத்திய டெல் கணினிகளும் வீங்கிச் செயலிழந்தன. அவற்றைத் திருத்தவும் மாற்றவும் அந்நிறுவனம் 2005இல் சுமார் 30 கோடி டொலர் ஒதுக்கிற்று. 2004இல் நெல்லியடியில் வாங்கிய பலகையொன்று ஈராண்டு கழித்து வீங்கியிருப்பின், சில்லறை விலையுள்ள மாற்றுக் கொள்ளளவி வருதற்குத் தரைவழியும் இருக்கவில்லை.