கேம்ப் என்றால் நமக்கு என்ன? களனி ஆற்றோரத்து இரவுகள்

இப்போது யூடியூபைத் திறந்தால் இந்த மாதிரி ஒரு வீடியோ எப்படியும் கண்ணில் படும். ஒரு ஆள், ஒரு வேன், பின்சீட்டை மடித்துப் போட்ட மெத்தை, சின்ன காஸ் அடுப்பு. மலைநாட்டில் ஏதோ ஒரு ஆற்றோரம், இல்லாவிட்டால் நீர்த்தேக்கத்தின் கரை. மழை பெய்கிறது, தேத்தண்ணி கொதிக்கிறது, யாரும் பேசுவதில்லை. யட்டியாந்தோட்டையைத் தாண்டி கித்துல்கல பக்கம் ஏறும் ஏ7 வீதியிலும் இப்படியான வண்டிகள் நிற்கின்றன. பார்த்தால் எங்களுக்கும் ஆசைதான். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் இந்த ஆற்றோரத்தில் ராத்தங்கியவர்களின் கதை யூடியூபுக்கு ரொம்ப முந்தியது. அந்தக் கதையைத்தான் இங்கே பேசப் போகிறோம்.

முதலில் ‘கேம்ப்’ என்ற சொல்லைப் பார்ப்போம். மலையகத்து வீட்டில் ஒரு பெரியவரிடம் போய் “கேம்புக்குப் போறோம்” என்று சொல்லிப் பாருங்கள். “எந்தக் கேம்ப்?” என்று பதறித்தான் கேட்பார். அவருக்குத் தெரிந்தவை ஆர்மி கேம்ப், அகதிக் கேம்ப், எல்லாவற்றுக்கும் முந்தி மண்டபம் கேம்ப். ராமேஸ்வரம் தீவுக்கு எதிரே இருக்கும் மண்டபத்தில்தான், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இலங்கைத் தோட்டங்களுக்கு வரும் தொழிலாளரை நிறுத்தி வைத்தார்கள். அம்மையும் காலராவும் தோட்டத்துக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக மருத்துவச் சோதனை, சில நாள் காவல். அதன்பிறகு கப்பல், தலைமன்னார், ரயில், தோட்டம்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கியபோது பலர் போய்த் தங்கியது அதே மண்டபம் கேம்பில்தான். 1983க்குப் பிறகு போன ஈழ அகதிகளும் அங்கேதான். வர ஒரு கேம்ப், போக அதே கேம்ப். அந்தச் சொல்லுக்குள் ‘ஓய்வு’ என்ற அர்த்தம் நுழைய எங்கே இடம் இருந்தது?

இனி வீதிக்கு வருவோம். வண்டியோடு பயணம் செய்து, ஆற்றோரத்தில் நிறுத்தி, வண்டியிலேயே தூங்குவது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. ரயில் மலையேறுவதற்கு முன்னால் கோப்பியும் பிறகு தேயிலையும் இறங்கியது இரட்டை மாட்டு வண்டியில். ஓலைக் கூரை போட்ட வண்டி. கொழும்புக்குக் கோப்பி போகும், திரும்பி வரும்போது தோட்டத்துக்கு அரிசி வரும். வண்டிக்காரர்களில் பெரும்பாலோர் கரைநாட்டுச் சிங்களவர். தண்ணீர் கிடைக்கிற இடத்தில் மாட்டை அவிழ்த்துக் கட்டி, கல்லடுக்கி சோறு பொங்கி, வண்டிக்கு அடியிலேயே படுத்துவிடுவார்கள். களனிப் பள்ளத்தாக்கில் இன்னொரு வழியும் இருந்தது. ஆற்றில் கூரை வேய்ந்த தட்டைப் படகுகள் சரக்கை ஏற்றிக்கொண்டு நீரோட்டத்தோடு கொழும்புக்கு இறங்கும்.

1900களின் தொடக்கத்தில் குறுகிய பாதை ரயில் யட்டியாந்தோட்டை வரைக்கும் வந்தது. தண்டவாளங்களுக்கு நடுவில் இரண்டரை அடி இடைவெளிதான். படகுக்கும் வண்டிக்கும் இருந்த வேலையை அது எடுத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவிசாவளைக்கும் யட்டியாந்தோட்டைக்கும் நடுவில் இருந்த பாதை மூடப்பட்டு, தண்டவாளமும் கழற்றப்பட்டது. இன்று இங்கே வருகிறவர்கள் பஸ்ஸில் வருகிறார்கள், இல்லாவிட்டால் சொந்த வண்டியில்.

அப்படியானால் வண்டித் தங்கல் எப்போது பொழுதுபோக்கு ஆனது? இங்கிலாந்தில் 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர், முன்பு கடற்படையில் இருந்தவர், ‘வாண்டரர்’ என்று பெயர் வைத்து ஒரு குதிரை வண்டி வீடு செய்து ஊர் சுற்றினார். ஓய்வுக்காகவே செய்த முதல் கேரவன் என்று அதைச் சொல்வார்கள். அவர் பார்த்துச் செய்தது ரோமா நாடோடிகளின் வண்டியை. நாடோடிகளை ஊருக்கு ஊர் துரத்திக்கொண்டிருந்த அதே காலம்தான் அது. அவர்கள் நின்றால் குற்றம், டாக்டர் நின்றால் சுற்றுலா. இன்னொன்று, ஸ்டேபிள்ஸ் தனியாகப் போகவில்லை. வண்டியோட்டியும் ஒரு வேலையாளும் கூடவே போனார்கள். ‘தனிப்பயணம்’ என்று சொல்லப்படும் பல கதைகளில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவரின் பெயர் இருக்காது. தோட்டத்து ஆட்களுக்கு இது விளங்குவதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

பெயர் இல்லாமல் போன கதைகளில் பெரியது ஒன்று கித்துல்கலயிலேயே இருக்கிறது. டேவிட் லீன் இயக்கி 1957இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தின் பாலம் களனி ஆற்றின் மேல்தான் கட்டப்பட்டு, நிஜமாகவே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சுற்றுலா வழிகாட்டிகள் அந்த இடத்தை இன்றைக்கும் காட்டுவார்கள். படத்தில் வருவது சயாம்–பர்மா ரயில்பாதை. 1942–43இல் ஜப்பானிய ராணுவம் 415 கிலோமீட்டருக்குப் போட்ட பாதை. படத்தில் நாம் பார்ப்பது முகாமில் அடைபட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகளை. போர்க்கைதிகள் 12,000க்கும் மேல் இறந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பாதையில் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் பெரும் பகுதி மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். படம் அவர்களைப் பற்றிப் பேசவில்லை.

நினைத்துப் பாருங்கள். தமிழர்கள் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பள்ளத்தாக்கில், ரப்பர் பால் வெட்டிய தமிழர்கள் செத்த கதையை, அவர்கள் இல்லாமலே எடுத்தார்கள். இன்றைக்கு அந்தக் கரையில் டென்ட் அடிக்கிறவர்களுக்கு ‘படம் எடுத்த இடம்’ தெரியும். மலாயாவுக்குப் போனவர்களும் நம் பாட்டன்மார் புறப்பட்ட அதே ஊர்களிலிருந்து புறப்பட்டவர்கள்தான் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆற்றோரம் இப்படி என்றால், நீர்த்தேக்கத்துக்கு வேறொரு கதை. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே எழுதினார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்க 1950 ஆனது. கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் காசல்ரீ, மஸ்கெலிய ஓயாவை மறித்து 1969இல் மவுசாக்கலை. இந்த இரண்டு ஓயாக்களும் சேர்ந்துதான் களனி ஆறு. காசல்ரீயில் தேங்கும் தண்ணீர் யட்டியாந்தோட்டைக்கு வருவதற்குள் விமலசுரேந்திர, லக்சபான, பொல்பிட்டிய, அண்மையில் கட்டிய புரோட்லண்ட்ஸ் என நான்கு மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டுத்தான் வரும். ‘மனிதக் கை படாத இயற்கை’ என்று தலைப்புப் போடும் வீடியோக்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

மவுசாக்கலைத் தண்ணீருக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரம் இருக்கிறது. வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலும் மற்ற வழிபாட்டிடங்களின் மிச்சங்களும் வெளியே தெரியும். ஆட்கள் போய் நின்று போட்டோ எடுப்பார்கள். ஒரு ஊர் எழும்பிப் போன இடம் அது. அந்தத் தண்ணீரில் எடுத்த மின்சாரம் கம்பி வழியாக லயங்களின் தலைக்கு மேலாலேயே கொழும்புக்குப் போனது. தொழிற்சாலைக்கு லைட் வந்து பல காலத்துக்குப் பிறகே பல லயங்களுக்கு வந்தது.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கித்துல்கலயும் யட்டியாந்தோட்டையும் நாட்டிலேயே அதிக மழை பெய்யும் பக்கம். இங்கே வானம் தெளிவாக இருந்தாலும் மேலே மழை கொட்டினால், நோட்டன் பிரிட்ஜ், கெனியன், லக்சபான வான்கதவுகள் திறபடும், கீழே ஆறு சட்டென்று ஏறும். வண்டியோடு கரையில் நிற்பவருக்கு அறிவித்தல் காதில் விழுந்தால் போதும், சாவியைத் திருப்பிக் கிளம்பிவிடலாம்.

லயத்தில் இருப்பவர் எங்கே கிளம்புவது? 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தில் மலை சரிந்தது. அரநாயக்கவின் பேரழிவைச் செய்திகள் உலகத்துக்குக் காட்டின. அதே நாட்களில் யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்துப் புளத்கொஹுபிட்டியவில், களுபஹன தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனது. மழைக்குப் பயந்து இடம் மாறுவதற்கு, முதலில் ‘என் இடம்’ என்று ஒரு துண்டுக் காணி வேண்டும். 1823இலிருந்து கணக்குப் பார்த்தால் வந்து 200 வருஷம் தாண்டியாகிவிட்டது. இன்னமும் பெரும்பாலான குடும்பங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அந்தத் துண்டுக் காணியைத்தான்.

ஆற்றோரத்தில் ஒரு இரவைக் கேம்பிங் ஆக்குவது வண்டியோ டென்டோ அல்ல. விரும்பியபோது வரலாம், விரும்பியபோது போகலாம், போனால் திரும்ப ஒரு வீடு இருக்கிறது என்ற நிச்சயம்தான் அதை ஓய்வாக்குகிறது. மண்டபத்தில் நின்றவருக்கும், சயாம் பாதையில் படுத்தவருக்கும், மழை ராத்திரியில் லயத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பவருக்கும் இல்லாமல் போனது அதுதான்.

அதற்காகப் போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. போங்க. எங்கட பிள்ளைகளும் கட்டாயம் போகணும். இந்த ஆற்றைச் சும்மா உட்கார்ந்து பார்க்கும் உரிமையும் நமக்கு உரிமைதான், அது ரொம்பப் பிந்தித்தான் கிடைக்கிறது. போகும்போது குப்பையைத் திருப்பிக் கொண்டு வாங்க. கரைக்குப் பக்கத்து லயத்தில் பேச்சுக் கொடுத்து, இந்தத் தண்ணி எதுவரைக்கும் ஏறும் என்று கேளுங்க. எந்த வரைபடத்தையும்விட அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். தண்ணிக்கு அடியில் என்ன இருந்தது என்றும் அப்படியே கேட்டு வையுங்க.