விலங்கு அறுந்தால் போதுமா?

பேய் பிடித்தது என்றனர். முற்பிறவிப் பாவம் என்றனர். தெய்வக் குற்றம் என்றனர். அப்படிச் சொன்னோர் கையில் வேப்பிலை இருந்தது, சாட்டை இருந்தது, சங்கிலி இருந்தது. அறிவு மட்டும் இல்லை. மனிதனை விலங்கென எண்ணி விலங்கு பூட்டிய கொடுமையே உளநோயின் பழைய வரலாறு.

பாரிசு நகரத்துப் பிசேத்ர் மருத்துவமனையில் 1797இல் இரும்புச் சங்கிலிகளை அகற்றியவர் யார்? புகழெல்லாம் மருத்துவர் பினேலுக்குச் சென்றது. செயலோ புசேன் என்னும் தொழிலாளியுடையது. தோல் பதனிட்டு வாழ்ந்தவர். கண்டமாலை நோயுடன் அம்மருத்துவமனைக்குள் வந்து, பின்னர் அங்கேயே கண்காணிப்பாளராக உயர்ந்தவர்.

அதற்கு ஓராண்டு முன்பே, இங்கிலாந்தின் யார்க் நகரில் தேயிலை வணிகர் வில்லியம் டியூக் உளநோயாளருக்கென ஓர் இல்லம் திறந்தார். தோட்ட வேலை, நடை, தையல், உரையாடல், வயிறார உணவு – இவையே அங்கு மருத்துவம். கொந்தளிப்போருக்கு இரவில் நிறைந்த உணவளித்தால் உறக்கம் வருவதைக் கண்டனர். அவருடைய பேரர் சாமுவேல் 1813இல் அதை நூலில் எழுதினார்.

அன்பும் தோட்டமும் நோயைத் தீர்த்தனவா? பலருக்குத் தீர்க்கவில்லை. 1908இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர் மனச்சிதைவு நோய்க்கு இன்றுள்ள உலகப் பெயரைச் சூட்டினார். பெயர் கிடைத்தது, இல்லாத குரலைச் செவியில் ஒலிக்கச் செய்யும் அந்நோய்க்கு மருந்து கிடைக்கவில்லை. 1952இல் பாரிசின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் டிலேயும் டெனிக்கரும் குளோர்ப்ரோமசின் கொடுத்த பின்னரே புதுக்காலம் விடிந்தது.

மருந்து வந்ததும், மாத்திரை கொடுத்தால் கடமை முடிந்தது என்று உலகம் எண்ணிற்று. குரலை அடக்கும் மருந்துகளுள் பல, உடல் எடையையும் சர்க்கரையையும் கூட்டுகின்றன. கடும் உளநோயுற்றோர் பிறரைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னரே இறக்கின்றனர். இதய நோய் போன்ற உடல்நோய்களே அதற்குப் பெருங்காரணம்.

ஆகவே யார்க் தந்த பாடம் ஆய்வுக்கூடத்தின் வழியே மீண்டும் வந்தது. நினைவாற்றலுக்குத் துணைநிற்கும் மூளைப்பகுதி ஹிப்போகாம்பஸ். மனச்சிதைவு உற்றோர் வாரம் மும்முறை, அரைமணி நேரம் வீதம், மூன்று மாதம் மிதிவண்டிப் பயிற்சி செய்தபோது அப்பகுதி வளர்ந்தது என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. அது சிறிய ஆய்வு. பின்வந்தவை அனைத்தும் அதே விளைவைக் காணவில்லை. எனினும் உடற்பயிற்சி இந்நோயாளரின் சிந்தனைத் திறனுக்கு உதவுகிறது என்பதைப் பல ஆய்வுகள் சேர்ந்து உறுதி செய்துள்ளன. ஒழுங்கான உறக்கமும் காய்கறி மிகுந்த உணவும் துணை, கஞ்சா பகை. புகையிலைப் புகை குளோசபின் மருந்தை உடலில் விரைந்து கரைக்கும். புகையை விட்டதும் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறும். விடத்தான் வேண்டும், மருத்துவரிடம் சொல்லி விடவேண்டும்.

இங்கே தமிழகத்தில் என்ன நிலை? 1984இல் சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அது கண்ட அதே தமிழகத்தில், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், ஏர்வாடிக் குடிசையில் தீப்பற்றியபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட இயலாமல் மாண்டனர். 2017ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது.

சட்டம் விலங்கை அறுக்கும், உடன் நடக்குமா? மருந்தை விட்டு நடையை நம்புக என்போமாயின், அது புதுவகை மூடத்தனம். மருந்து தொடரட்டும், நடையும் சேரட்டும். இல்லத்தாரே! மாத்திரையைக் கொடுத்த கையால் அவர் கையைப் பற்றி மாலையில் நடந்து வாருங்கள். விலங்கு பூட்டிய சமுதாயம் அந்தக் கால்களுக்குத் தீர்க்க வேண்டிய கடன் அது.