மேகநாத் சாகாவின் சாப்பாட்டுத் தட்டு

“தம்பி, ஆராய்ச்சியப் பத்திக் கேளுங்க, எவ்வளவு வேணாலும் சொல்றேன். சாதியப் பத்திக் கேட்டீங்கன்னா எழுந்து போயிடுவேன்” என்றுதான் முதல் நாள் ஆரம்பித்தார். மூன்றாம் நாள் அவர் சாதியைத் தவிர வேறெதையும் பேசவில்லை.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவர். வடக்கே ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் நிறமாலை ஆய்வு செய்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம், ஆய்வுக்கூடத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகனும் அதே துறையில் இருக்கிறான் என்பது காரணம்.

நிறமாலை என்றால் என்ன அய்யா என்று கேட்டேன். “அடுப்புல உப்பு விழுந்தா மஞ்சளா எரியும், பாத்திருக்கீங்களா? அந்த மஞ்சள் சோடியத்தோட கையெழுத்து. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு கையெழுத்து இருக்கு. அதப் படிக்கிறதுதான் என் வேல. எங்கம்மா அடுப்புலயும் அதான், சூரியன்லயும் அதான்.” இந்த வேலைக்கு யாரைப் பார்த்து வந்தீர்கள் என்று கேட்டபோது ஒரு பெயர் சொன்னார்: மேகநாத் சாகா.

நம் பள்ளிக்கூடப் புத்தகங்களில் ராமன் இருப்பார், ராமானுஜன் இருப்பார். சாகாவை அறிவியல் படித்தவர்கள்கூட ஒரு சமன்பாடாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஆகவே அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1893 அக்டோபர் 6இல் டாக்கா மாவட்டத்துச் சேவடதளி கிராமத்தில் பிறந்தார். இன்று அது வங்காளதேசம். அப்பாவுக்குச் சின்ன மளிகைக்கடை. எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. ஊரில் ஆரம்பப் பள்ளிக்கு மேல் கிடையாது. பத்துக் கிலோமீட்டர் தள்ளி சிமுலியாவில் அடுத்த பள்ளி. அங்கே ஒரு வைத்தியர் இலவசமாகச் சோறும் தங்க இடமும் கொடுத்தார். பையன் தன் தட்டைத் தானே கழுவ வேண்டும், மாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. தன் தட்டைத் தான் கழுவுவதில் என்ன இழிவு என்று சிலர் கேட்கலாம். அந்த வீட்டில் மற்றவர்கள் தட்டை யார் கழுவினார்கள் என்று திருப்பிக் கேட்டால் போதும்.

புயல் மழை அடித்த இரவில் பிறந்ததால் மேகத்தின் தலைவன் என்ற பொருளில் பெயர் வைத்தார்களாம். பிறகு அவரே அதை இடிமுழக்கம் என்ற பொருள் வரும்படி மாற்றிக்கொண்டார் என்கிறார்கள். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவோம், வங்காளத்தில் எழுத்து வேறு. அந்த இடிமுழக்கம் யார்? ராவணனின் மகன் இந்திரஜித். 1861இலேயே மைக்கேல் மதுசூதன் தத் அவனை நாயகனாக்கிக் காவியம் எழுதிவிட்டார். தேவர்களின் பெயரை விட்டு அரக்கனின் பெயரைப் பிடித்துக்கொண்ட ஆளைத் தமிழர்கள் நாம் இத்தனை காலம் கவனிக்காமல் இருந்தது வேடிக்கைதான்.

1905இல் டாக்கா கல்லூரிப் பள்ளியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். வங்கப் பிரிவினைக் காலம். கவர்னர் ஃபுல்லர் வந்தபோது நடந்த எதிர்ப்பில் மாணவர்களைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். சாகாவும் ஒருவர். உதவித்தொகையும் போயிற்று. வேறு பள்ளியில் சேர்ந்து 1909இல் கிழக்கு வங்கத்திலேயே முதலாவதாகத் தேறினார்.

1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரி. வகுப்புத் தோழர் சத்யேந்திரநாத் போஸ். ஆசிரியர்கள் ஜகதீஷ் சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய். இவ்வளவு பெரியவர்கள் இருந்த இடத்தில், ஈடன் இந்து விடுதியில், மேல்சாதி மாணவர்கள் அவரோடு உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். சரஸ்வதி பூசையன்று பீடத்துக்குப் பக்கத்தில் விடவில்லை. கல்வித் தெய்வமாம்! கணக்கில் மாகாணத்திலேயே இரண்டாவதாக வருகிறவன் பூப்போட்டால் அதற்குத் தீட்டு.

“இந்த இடத்தப் படிச்சப்போதான் தம்பி, நான் புத்தகத்த மூடி வச்சேன்” என்றார் அய்யா. வேலையில் சேர்ந்த முதல் மாதம், கேன்டீனில் கூட உட்கார்ந்த ஒருவர் ‘முழுப் பேர் என்ன, அப்பா என்ன பண்றார்’ என்று கேட்டிருக்கிறார். இவர் மறைக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அந்த மேசையில் இடம் இல்லை. யாரும் போ என்று சொல்லவில்லை. இவர் வந்து உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு அவசர வேலை வந்துவிடும். பிறகு வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டுபோய் ஆய்வறையிலேயே சாப்பிட ஆரம்பித்தார். முப்பத்தோரு வருடமும்.

சாகா செய்த வேலை என்ன என்று அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. அணுவிலிருந்து எலெக்ட்ரான் கழன்று போவதற்கு அயனியாதல் என்று பெயர். சூடு ஏறினால் கழலும். ஆனால் சூரியனில் ஒரு புதிர் இருந்தது. மேலடுக்கின் உச்சியில் கால்சியம் எலெக்ட்ரானை இழந்த நிலையில் தெரிகிறது, ஏன்? “கூட்டம் நெரிசலா இருந்தா, போனவன் உடனே யார்கிட்டயாவது ஒட்டிக்குவான். ஆள் கம்மியா இருந்தா போனவன் போனவன்தான். மேல போகப் போக அழுத்தம் கம்மி. அதனால கழலுறது சுலபம். இதைக் கணக்காப் போட்டுக் காட்டினாரு. அவ்வளவுதான். ஆனா அந்த அவ்வளவுக்கு முன்னாடி நட்சத்திரத்தப் படிக்க ஆளு இல்ல.”

1920 அக்டோபரில் அந்தக் கட்டுரை லண்டன் இதழ் ஒன்றில் வந்தது. சாகாவுக்கு வயது இருபத்தேழு. சூரியனில் ருபீடியம் தென்படாததற்கு அது இல்லை என்பது காரணமல்ல, எலெக்ட்ரானை இழந்து நிற்கிறது, குளிர்ந்த சூரியப் புள்ளிகளில் தேடிப்பாருங்கள் என்றார். அமெரிக்காவில் ரஸ்ஸல் தேடினார், கிடைத்தது. 1925இல் சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண் சாகாவின் சமன்பாட்டை வைத்துத்தான் நட்சத்திரங்களில் மிக அதிகமாக இருப்பது ஹைட்ரஜன் என்று கண்டார். அதே ரஸ்ஸல் அது சாத்தியமில்லை என்று சொல்ல, அந்தப் பெண் தன் முடிவைத் தானே சந்தேகிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று. பிறகு அவர் சொன்னதே சரி என்று ரஸ்ஸலும் ஒப்புக்கொண்டார்.

வங்காளத்தில் சாகாவுக்குக் கிடைத்த வரவேற்பை அவரே எழுதியிருக்கிறார். டாக்காவில் ஒரு வக்கீலிடம் தன் ஆய்வைப் பற்றி ஆர்வமாகச் சொல்லியிருக்கிறார். வக்கீல் அசரவில்லை, இதில் புதிதாக என்ன, எல்லாம் வேதத்தில் இருக்கிறது என்றாராம். எந்தப் பகுதியில் என்று கேட்டால், நான் படித்ததில்லை என்றாராம். சாகா விடவில்லை. வருடக்கணக்கில் வேதம், புராணம், பழைய சோதிட நூல் எல்லாம் தேடிப் படித்து, அப்படி எதுவும் இல்லை என்று எழுதினார்.

1927இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1935இல் ‘சயின்ஸ் அண்ட் கல்ச்சர்’ இதழ். 1952இல் தேர்தலில் நின்று மக்களவைக்கு வந்தார். 1956 பிப்ரவரி 16இல் டில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் இறந்தார்.

நமக்கு முக்கியமான இன்னொன்று தாமோதர் நதி. 1943 வெள்ளத்துக்குப் பிறகு அமைத்த விசாரணைக்குழுவில் சாகா உறுப்பினர். வெள்ளத்துக்கு அணையும் மின்சாரமும் சேர்ந்த திட்டம் வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தவர். அப்போது வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்த பாபாசாகேப் அம்பேத்கர்தான் அந்தத் திட்டத்தை அரசுப் பக்கத்தில் முன்னே நகர்த்தினார். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவானது. அணைகளைக் கோயில்கள் என்று பேசியவர் பெயர் நமக்குத் தெரியும். இந்த இருவரை யார் சொல்கிறார்கள்?

இதையெல்லாம் சென்னையில் ஆய்வு செய்யும் ஒரு தங்கையிடம் உற்சாகமாகச் சொன்னேன். தாவரவியல் ஆய்வு, நம் பிள்ளை. வழிகாட்டி கையெழுத்துப் போடாமல் எட்டு மாதம் இழுத்தடித்ததைத் தாண்டி வந்தவள். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அண்ணா, அவங்க கடை வச்சிருந்த குடும்பம். எங்க தாத்தா அந்தக் கடைக்குள்ள போயிருக்க முடியுமா? தெருவுல நின்னுதான உப்பு வாங்கியிருப்பாரு?”

எனக்குப் பதில் வரவில்லை. சாகாவின் சாதி வங்காளத்து வாணிபச் சாதிகளில் தாழ்த்தி வைக்கப்பட்டது. சேரி அல்ல. இதை மறைத்து அவரை நம்மவர் என்று எழுதினால் அது பொய். அய்யாவிடம் போய்க் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

“பொண்ணு சரியாத்தான் கேக்குது. அவரு நம்மாளு இல்ல. நம்மாளுன்னு நான் எப்பவும் சொல்லல. மளிகைக்கடைக்காரர் மகனுக்கே இந்த கதின்னா நமக்கு என்ன வச்சிருப்பான்னு தெரிஞ்சுக்கத்தான் அவரப் படிச்சேன். அவரு ஆய்வறைக்குள்ள போயிட்டாரு. 1920ல நம்ம சேரியில எத்தன பேருக்கு ஸ்லேட்டு இருந்துச்சு? ரோகித் வெமுலாவப் பாருங்க. நட்சத்திரத்தப் பத்தி எழுதணும், கார்ல் சேகன் மாதிரி வரணும்னு ஆசப்பட்ட பையன். 2016ல எழுதி வச்சிட்டுப் போனது அந்த ஒரே கடிதம்தான்.”

பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு டிபன் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். மூன்றடுக்கு, மூடி நசுங்கியது, ஆய்வறைக்கு எடுத்துப்போனது. படம் எடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். “புத்தகம் வந்தா ஒண்ணு அனுப்புங்க தம்பி” என்றவர், நான் செருப்பைப் போட்டுத் தெருவில் இறங்கியதும் மறுபடி கூப்பிட்டார். “பழுப்புக் கவர்ல போட்டு அனுப்புங்க. வெளிய பத்திரிகை பேரு தெரிய வேணாம். பக்கத்து வீட்ல வாங்கி வச்சிருப்பாங்க.”