நியூசென்ஸ் பிறந்த கதை

வாசலை மறித்து வண்டி நிறுத்துகிறவர், நடுராத்திரியில் அலறும் ஒலிபெருக்கி, கொசுவை வளர்க்கும் சாக்கடை, எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே சொல்தான். "சே, பெரிய நியூசென்ஸ்!" என்று அலுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சொல் இவ்வளவு லேசாகப் பிறக்கவில்லை.

லத்தீனில் 'நோக்கெரே' என்றால் தீங்கு செய்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் நியூசென்ஸ் என்றால் கேடு என்றே பொருள். தீங்கு செய்யாதவர் என்ற பொருளில் 'இன்னொசென்ட்'டும் அதே வேரில்தான் முளைத்தது. பேச்சில் புழங்கப் புழங்க, கேடு தேய்ந்து வெறும் எரிச்சலாயிற்று. பழைய பொருளைக் கைவிடாமல் காப்பாற்றியது நீதிமன்றம்.

1610இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கு எனக்கு மிகவும் பிடித்தது. நார்ஃபோக்கில் வில்லியம் ஆல்ட்ரட் என்பவரின் வீட்டை ஒட்டிப் பக்கத்து வீட்டுக்காரர் பன்றிக் கொட்டில் கட்டினார். நாற்றத்தில் வீட்டில் இருக்க முடியவில்லை. பன்றி வளர்ப்பது ஊருக்குத் தேவையான தொழில், அதைத் தாங்காத அளவுக்கு ஒருவருக்கு மூக்கு மென்மையாக இருக்கக் கூடாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஜன்னல் வழியே தெரியும் அழகான காட்சி மறைந்தால் வழக்குப் போட முடியாது, அது இன்பம் மட்டுமே. நல்ல காற்று அப்படியில்லை, குடியிருக்க அது வேண்டும் என்றது. எது வெறும் மனக்குறை, எது கேடு என்று இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்ததால்தான் அந்தத் தீர்ப்பு இன்றும் பேசப்படுகிறது.

வெள்ளைக்காரன் சட்டத்தோடு சொல்லும் இங்கே வந்தது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 268ஆம் பிரிவில் பொதுத் தொல்லைக்கு விளக்கம் தந்தது. சென்னை மாகாணத்தில் 1889இல் நகரத் தொல்லைகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 'நியூசென்ஸ் கேஸ்' போலீஸ் ஸ்டேஷன் பேச்சாக நம் தமிழிலும் ஊறிவிட்டது. குடித்துவிட்டுத் தெருவில் கலாட்டா செய்தவர்மீது போடும் சின்ன வழக்கு என்றுதான் பலரும் அதை நினைக்கிறார்கள்.

அதன் முழு பலம் தெரிந்தது 1980இல். மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகரில் திறந்த சாக்கடையும் மலமும் சூழ வாழ்ந்த மக்கள், பொதுத் தொல்லையை அகற்றக் கோரும் சட்டப் பிரிவைக் காட்டி நகராட்சிமீதே வழக்குத் தொடுத்திருந்தார்கள். பணமில்லை என்றது நகராட்சி. கண்ணியமாக வாழ்வதற்கான உரிமைக்கு முன்னால் அந்தச் சாக்கு நிற்காது என்றார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். ஆறு மாதத்துக்குள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகப் பொதுக் கழிப்பறைகள் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.