சல்சா சுழற்சிகளில் கை மாற்றுதல்

சல்சா, காசினோ, சாச்சாச்சா, ஜைவ், பச்சாத்தா முதலிய இலத்தீன் இணை நடனங்களில், ஒருவர் சுழன்றுகொண்டிருக்கும்போதே அவருடைய கையை ஆட்டத்தை நடத்துபவர் தம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு வாங்கிக்கொள்வது கை மாற்றுதல் ஆகும். அடுத்து என்ன செய்வது என்று குறிப்புக் கொடுப்பவர் நடத்துபவர். அந்தக் குறிப்பை வாங்கி ஆடுபவர் தொடர்பவர். வழக்கமாக ஆண் நடத்துவார், பெண் தொடர்வார். இன்றைய வகுப்புகளில் இரண்டு பங்கையும் யார் வேண்டுமானாலும் கற்கிறார்கள்.

கைகளை நான்கு முக்கியமான விதங்களில் பிடிக்கலாம். நடத்துபவரின் இடக் கையில் தொடர்பவரின் வலக் கை இருப்பது அடிப்படைப் பிடி. வலக் கையும் வலக் கையும் சேர்வது கை குலுக்கும் பிடி. இரண்டு கைகளையும் எதிரெதிராகப் பிடிப்பது மூன்றாவது, குறுக்காகப் பிடிப்பது நான்காவது. ஒவ்வொரு பிடியிலும் சில சுழற்சிகள் இயல்பாக வரும், சில வரவே வராது. ஒரே பிடியில் ஆடுபவரிடம் நாலைந்து சுழற்சிகளோடு சரக்கு தீர்ந்துவிடும். பிடியை மாற்றத் தெரிந்தவருக்கு ஒரு சுழற்சி முடியும் இடமே அடுத்ததன் வாசல்.

கியூபாவின் பழைய இணை நடனங்களில் கை மாற்றுதலுக்கு அதிக வேலை இருக்கவில்லை. 1879இல் மத்தான்சாஸ் நகரில் இசையமைப்பாளர் மிகேல் ஃபாயில்தே அரங்கேற்றிய தான்சோன் இசைக்கு இணைகள் அணைத்த பிடியிலேயே நிதானமாக ஆடின. பிடி தளர்ந்து, உடல்கள் விலகி, கைகள் பேசத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். நியூயார்க்கின் பல்லேடியம் நடனக்கூடத்தில் மாம்போ ஆடியவர்கள் அமெரிக்க ஸ்விங் நடனத்தையும் அறிந்தவர்கள். ஹவானாவில் 1950களில் உருவான காசினோ நடனமும் சோன், சாச்சாச்சா ஆகியவற்றோடு ராக் அண்ட் ரோலின் சுழற்சிகளைச் சேர்த்துக்கொண்டது. பிற்பாடு நடன ஆசிரியர் எடி டோரஸ் நியூயார்க் பாணியை வகுப்பறைக்கு ஏற்ற பாடமாக ஒழுங்குபடுத்தினார். 1990களில் லாஸ் ஏஞ்சலிஸில் வாஸ்கெஸ் சகோதரர்கள் வேகமான, அடுக்கடுக்கான சுழற்சிகளைக் கொண்ட பாணியைப் பரப்பினர். கை மாற்றுதல் தனித் திறமையாகப் பயிலப்பட்டதில் இந்த இரண்டு பாணிகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

எட்டு எண்களில் ஒரு சுற்று முடிவது சல்சாவின் கணக்கு. 1, 2, 3 எண்களிலும் 5, 6, 7 எண்களிலும் அடி விழும். 4, 8 இரண்டிலும் கால் நிற்கும். நிமிடத்துக்கு 180 பீட் ஓடும் பாடலில் ஒரு பீட்டுக்கு ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குதான் நேரம். எட்டு எண்களும் மூன்று வினாடிக்குள் ஓடிவிடும். அதற்குள் யோசித்துக் கையைத் தேட முடியாது. கை எந்த எண்ணில் எங்கே இருக்கும் என்பது முன்பே உடம்பில் பதிந்திருக்க வேண்டும்.

1ஆம் எண்ணில் அடி தொடங்கும் பாணியில், தொடர்பவரின் வலப்புறச் சுழற்சியை எடுத்துக்கொள்ளலாம். அடிப்படைப் பிடி, கைகள் இடுப்பு உயரத்தில். 1இல் நடத்துபவர் இடக் காலை முன்வைக்க, தொடர்பவர் வலக் காலைப் பின்வைக்கிறார். 2, 3 வழக்கம்போல் விழுகின்றன. 4இன் நிறுத்தத்துக்குள் நடத்துபவரின் இடக் கை மேலெழுந்து சுழற்சிக்குக் குறிப்புத் தருகிறது. 5இல் தொடர்பவர் இடக் காலை முன்வைத்து வலப்புறம் திரும்ப, 6இல் அவர் முதுகு நடத்துபவரைப் பார்த்திருக்கிறது, 7இல் முகம் மறுபடி எதிரே வருகிறது. 6க்கும் 7க்கும் இடையே மேலிருந்த கை தாழத் தொடங்கும். நடத்துபவரின் வலக் கை அதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். தொடர்பவரின் வலக் கை இறங்கப்போகும் இடத்தில், இடுப்பு உயரத்தில், உள்ளங்கை மேல்நோக்க அது காத்திருக்கும். 7இல் இறங்கும் கை அதில் வந்து அமரும். அந்த ஒரு கணம் தொடர்பவரின் ஒரே கையை நடத்துபவரின் இரண்டு கைகளும் தொட்டிருக்கும். 8இன் நிறுத்தத்தில் இடக் கை விலகும். அடுத்த 1 வரும்போது கை குலுக்கும் பிடி தயாராக இருக்கும்.

முழுக் கலையும் அந்த ஒரு கணத்தில்தான் இருக்கிறது. உலக்கை குத்துவோர் ஒரு கையால் விட்டு மறு கையால் பிடிப்பார்கள். இடையில் உலக்கை யார் கையிலும் இல்லை. சல்சாவில் அப்படி விட்டால் சுழலும் ஒருவருக்குத் திசை சொல்ல ஆள் இல்லாமல் போய்விடும். ஆகவே புதிய கை வந்து சேர்ந்த பிறகே பழைய கை விலக வேண்டும். புதிய கை, தொடர்பவரின் கை இப்போது இருக்கும் இடத்தைத் துரத்திப் போகக் கூடாது. அது வந்து சேரும் இடத்துக்குப் போக வேண்டும். சுழற்சியே கையைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். நியூயார்க் பாணியில் அடிகள் திசை மாறுவது 2, 6 ஆகிய எண்களில். அங்கே எண்கள் இடம் மாறினாலும் இந்த விதி மாறுவதில்லை.

விரல்களின் வேலை நுட்பமானது. கை தலைக்கு மேல் இருக்கும்போது நடத்துபவரின் ஓரிரு விரல்கள் கீழ்நோக்கி நிற்க, தொடர்பவரின் விரல்கள் அவற்றைக் குவிந்து சூழ்ந்திருக்கும். பழைய வீட்டுக் கதவின் குடுமி குழிக்குள் சுழல்வதுபோல் கை கைக்குள் சுழல வேண்டும். கட்டைவிரல் எந்தப் பக்கமிருந்தும் அழுத்தினால் சுழற்சி அங்கேயே மாட்டிக்கொள்ளும், மணிக்கட்டும் முறுக்கும். மோதிரமும் வளையலும் இந்த இடத்தில் தோலைக் கீறிவிடும். ஆட வரும்போது கழற்றிவைப்பது நல்லது. உயர்த்திய கை தொடர்பவரின் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்க வேண்டும். சாணளவு விலகினாலும் அவர் அந்தப் பக்கம் சாய்ந்து நிலைகுலைவார்.

கை மாறும் இடம் இடுப்பு உயரம் மட்டும் அன்று. தலைக்கு மேலேயே மாற்றலாம். அடுத்தடுத்து இரண்டு சுழற்சிகள் வரும்போது இது உதவும். முதுகுக்குப் பின்னால் மாற்றுவது பார்க்க அழகானது, கற்கவும் எளிது. போட்டி நடனமான ஜைவில் அதற்கென்றே ஓர் அசைவு பெயர் பெற்றிருக்கிறது: நடத்துபவர் தொடர்பவரின் வலக் கையைத் தம் வலக் கைக்கு வாங்கி, இடப்புறம் திரும்பி, முதுகுக்குப் பின்னால் இடக் கைக்கு மாற்றிக்கொள்கிறார், தொடர்பவர் வலப்புறம் திரும்பி அவர் பின்புறமாகக் கடந்து போகிறார். பின்னால் நடப்பது கண்ணுக்குத் தெரியாததால் கைகள் தொட்டுணர்ந்தே வேலை செய்யப் பழகிவிடுகின்றன. தொடக்கநிலையினருக்கு இதைச் சீக்கிரமே சொல்லிக்கொடுப்பது பயன் தரும்.

இரண்டு கைகளையும் விடாமல் சுழற்றும்போது நிலைமை வேறு. காசினோவில் ‘செத்தேந்தா’, அதாவது எழுபது என்னும் அசைவில், தொடர்பவர் வலப்புறம் சுழலச் சுழல அவருடைய இடக் கை அவர் முதுகுக்குப் பின்னால் மடங்குகிறது. அந்தக் கை இடுப்பளவில் தாழ்ந்தும் தளர்ந்தும் இருக்க வேண்டும். மேலே தூக்கினால் தோள்மூட்டு வலிக்கும். தொடர்பவர் கையை உருவிக்கொள்ள விரும்பினால் உடனே விட்டுவிட வேண்டும். குறுக்குப் பிடியில் சரியான பக்கம் ஒரு முழுச் சுற்று வந்தால் மேலிருந்த கை கீழாகும். தவறான பக்கம் சுற்றினால் முறுக்கு இறுகும். எந்தப் பக்கம் அவிழும் என்பதைப் பாட்டில்லாமல் மெதுவாகச் சுற்றிப் பார்த்தே மனத்தில் இருத்த முடியும்.

கை மாறுவதில் தொடர்பவருக்கும் பாதிப் பொறுப்பு உண்டு. சும்மா இருக்கும் கையைத் தொங்கவிடாமல், முழங்கை மடங்க, இடுப்புக்கு முன்னே எளிதில் கிடைக்கும்படி வைத்திருக்க வேண்டும். பிடித்த கையில் மிதமான எதிர்ப்பு இருந்தால் நடத்துபவரின் குறிப்பு தோள்வரை போய்ச் சேரும். துவண்ட கைக்குக் குறிப்பு எட்டாது, விறைத்த கை மாறாது. அடுத்த கை எங்கே என்று தேடிக் கையை நீட்டுவது நல்லெண்ணத்தில் செய்யும் பிழை. நீளும் கை தன் இயல்பான பாதையை விட்டுப்போகும், காத்திருக்கும் கை வெறுமையாக நிற்கும்.

கற்பவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் குறை கைகளைப் பார்ப்பது. பார்வை தாழ்ந்தால் தலை தாழும், தோள் முன்சரியும், அடி தடுமாறும். கால் தன்னிச்சையாக ஓடாதவரை கைக்குக் கவனம் மிஞ்சாது. எனவே முதலில் அடிப்படை அடிகளைப் பாட்டோடு சில வாரங்கள் ஆடித் தீர்க்க வேண்டும். அதன்பின் இணையோடு நின்ற இடத்திலேயே, கால் அசைக்காமல், எண்களை வாய்விட்டுச் சொல்லிக் கைகளை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். பிறகு அடியோடு சேர்த்து, பாட்டில்லாமல். அதன்பின் மெதுவான பாட்டு. ஒரு கைக்குட்டையின் இரு முனைகளை இருவரும் பிடித்துக்கொண்டு சுழன்றால் யார் இழுக்கிறார் என்பது துணியின் விறைப்பிலேயே தெரிந்துவிடும். நடத்துபவர் கண்ணை மூடிச் செய்து பார்ப்பதும் நல்ல பயிற்சி. சல்சாவைவிட மெரெங்கே நடனத்தில் கை மாற்றப் பழகத் தொடங்குவது எளிது. அதில் ஒவ்வொரு பீட்டுக்கும் ஓர் அடி என்பதால் கால் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. பச்சாத்தாவில் மூன்று அடிக்குப் பின் 4இல் கால் தட்டி நிற்கும் இடமே கை மாற்ற வாகான இடம்.

இந்தத் திறமையின் கடினமான சோதனை ருவேதா தே காசினோ. பல இணைகள் வட்டமாக நின்று ஆட, ஒருவர் அசைவின் பெயரைக் கூவுவார். எல்லோரும் ஒரே நேரத்தில் அதைச் செய்ய வேண்டும். ‘தாமே’, அதாவது ‘எனக்குத் தா’ என்ற குரல் வந்தால் ஒவ்வொரு நடத்துபவரும் தம் இணையை விட்டு வட்டத்தில் அடுத்திருப்பவரிடம் போகிறார். ஒரு கை அரை பீட் தாமதமாக நீண்டால் அந்த இடைவெளி அடுத்த இணைக்குத் தாவி வட்டம் முழுதும் பரவும். பழகியவர்களின் வட்டத்தில் குரல் எழுந்து 1 விழும்போதே அத்தனை கைகளும் புதிய கைகளில் சேர்ந்திருக்கும்.