மெரூன் சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது?

கேஸ் வெல்டிங் பட்டறைகளில் இரண்டு சிலிண்டர்கள் ஜோடியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பாக இருப்பது ஆக்சிஜன். மெரூன் நிறத்தில் இருப்பது அசெட்டிலீன். இந்த மெரூன் சிலிண்டருக்கு மட்டும் ஏகப்பட்ட சட்டதிட்டங்கள் உண்டு. படுக்க வைத்து உபயோகிக்கக் கூடாது. ரெகுலேட்டரில் 15 பிஎஸ்ஐக்கு மேல் வைக்கக் கூடாது. செம்புக் குழாயில் இணைக்கக் கூடாது. மரை கூட இடது மரை (எரியும் வாயு அல்லவா, ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தவறிப்போய் இதில் மாட்டிவிடக் கூடாதே!).

ஏன் இத்தனை 'கூடாது'? அதற்குப் பின்னால் ஒரு நூறு வருடக் கதை இருக்கிறது.

1892ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தாமஸ் வில்சன் என்பவர் அலுமினியத்தை மலிவாகத் தயாரிக்க வழி தேடிக்கொண்டிருந்தார். மின்சார உலையில் சுண்ணாம்பையும் தாரையும் போட்டுக் காய்ச்சியபோது அலுமினியத்துக்கு வழி பிறக்கவில்லை. கால்சியம் கார்பைடு கிடைத்தது. நம்மூரில் மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிறார்களே, அதே கார்பைடு கல்தான். இதில் தண்ணீர் பட்டால் அசெட்டிலீன் வாயு வரும். பளீரென்று வெள்ளை வெளிச்சம் கொடுத்து எரியும். 1895ல் பிரெஞ்சு விஞ்ஞானி லெ ஷாட்லியே, இதை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தால் சுடர் 3000 டிகிரியைத் தாண்டும் என்று காட்டினார். இரும்பையே உருக்கும் சூடு! வெளிச்சத்துக்கு வெளிச்சம், வெல்டிங்குக்கு வெல்டிங். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா?

ஆனால் வாயுவை விற்க வேண்டுமென்றால் அதை எதிலாவது அடைத்துத்தானே அனுப்ப வேண்டும். அங்கேதான் சிக்கல். ஆக்சிஜனை 150 மடங்கு அழுத்தத்தில் அடைத்தாலும் அது பேசாமல் இருக்கும். அசெட்டிலீன் அப்படி இல்லை. அதற்கு எரிய ஆக்சிஜன்கூடத் தேவையில்லை. அழுத்தம் கூடிய நிலையில் ஒரு சூடோ, பொறியோ, அதிர்வோ போதும், தானாகவே கார்பனாகவும் ஹைட்ரஜனாகவும் உடைந்து வெடிக்கும். அந்த 15 பிஎஸ்ஐ எல்லை வந்தது இதனால்தான். செம்போடு சேர்ந்தால் இன்னொரு வம்பு: லேசாக உரசினாலே வெடிக்கக்கூடிய ஓர் உப்பு குழாய்க்குள் படியும்.

இதெல்லாம் சரியாகப் புரியும் முன்பே அசெட்டிலீனைத் திரவமாக்கி விற்கப் பார்த்தார்கள். 1896ல் பாரிஸிலும் பெர்லினிலும் வெடித்து உயிர்கள் போயின. அடுத்த வருடமே பிரிட்டன், அழுத்தி அடைத்த அசெட்டிலீனை வெடிமருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

வழி காட்டியவர்கள் பாரிஸில் இருந்த ஜார்ஜ் கிளாட், ஹெஸ் என்ற இருவர். அசெட்டோன் என்ற திரவத்தில் (நெயில் பாலிஷை அழிக்கப் பயன்படுமே, அதுதான்) இந்த வாயு ஏராளமாகக் கரைகிறது, கரைந்திருக்கும்வரை சாதுவாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். சோடா பாட்டிலில் கரைந்திருக்கும் வாயு மாதிரி. ஆனாலும் முழு நிம்மதி இல்லை. வாயு வெளியேற வெளியேற அசெட்டோனின் கன அளவு குறையும், மேலே காலி இடம் உண்டாகும், அந்த இடத்தில் நிற்கும் வாயு வெடிக்கும். சரி, காலி இடமே இல்லாதபடி நுண்துளைகள் உள்ள ஒரு பொருளைச் சிலிண்டருக்குள் அடைத்து, அதில் அசெட்டோனை ஊற வைக்கலாம் என்றார்கள். அதுவும் வண்டியில் ஏறி இறங்கி குலுங்கியதில் பொடிந்துபோய், மறுபடி பொந்து விழுந்தது.

இந்த இடத்தில்தான் நம் கதாநாயகன் வருகிறார். பெயர் குஸ்தாஃப் டாலேன், ஸ்வீடன்காரர், 1869ல் பிறந்தவர். விவசாயக் குடும்பம். பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கருவி செய்து, பெரிய பொறியாளரான டி லாவாலிடம் கொண்டுபோய்க் காட்டினார். டி லாவாலே அதே மாதிரி ஒன்றைச் செய்து முடித்திருந்தார்! ஆனாலும் பையனின் மூளையைப் பார்த்து, போய் இன்ஜினியரிங் படி என்று சொல்லி அனுப்பினார். படித்தார். 1906ல் ஓர் அசெட்டிலீன் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஆனார். பிறகு அந்தக் கம்பெனிதான் ஆகா என்ற பெயரில் உலகம் முழுக்கத் தெரிந்தது.

டாலேன் ஒரு கலவையைத் தயாரித்தார். கரி, சிமெண்ட், கல்நார் எல்லாம் சேர்ந்தது. எவ்வளவு குலுக்கினாலும் பொடியாது. அதனால்தான் மெரூன் சிலிண்டர் மற்ற சிலிண்டர்கள் மாதிரி உள்ளே காலியாக இருக்காது. ஒரு கடற்பஞ்சை வைத்து அடைத்த மாதிரி இருக்கும். படுக்க வைத்துத் திறந்தால் வாயுவோடு அசெட்டோனும் சேர்ந்து வெளியே வந்துவிடும். (அவர் போட்ட கல்நார் நுரையீரலுக்கு ஆகாது என்பது பிற்பாடு தெரிந்தது. இப்போது வேறு பொருள் அடைக்கிறார்கள்.)

வாயுவைப் பத்திரமாக அடைத்தாயிற்று. ஆள் இல்லாத கலங்கரை விளக்குகளில் அதை எரிக்கலாமே! பகலில் விளக்கு தானாக அணைந்து, இருட்டினால் தானாக எரிய வேண்டும். டாலேன் 1907ல் 'சூரிய வால்வு' செய்தார். வெயில் பட்டால் கறுப்புத் தண்டு மட்டும் சூடாகி நீளும், பக்கத்தில் உள்ள பளபளப்பான தண்டுகள் நீளாது. அந்த இம்மியளவு வித்தியாசம் வாயுவை அடைத்துவிடும். மின்சாரமும் வேண்டாம், காவல்காரரும் வேண்டாம். வருஷக்கணக்கில் ஒருத்தருக்குச் சம்பளம் கொடுக்கும் செலவு மிச்சம். ஆர்டர்கள் குவிந்ததில் ஆச்சரியமில்லை.

1912 செப்டம்பர் 27. சிலிண்டர்கள் நெருப்பில் மாட்டிக்கொண்டால் தாங்குமா என்று ஸ்டாக்ஹோமுக்கு வெளியே சோதனை நடந்தது. முதலாளியாகிவிட்ட பிறகும் டாலேன் வேறு யாரையும் அனுப்பிவிட்டு ஆபீசில் உட்காரவில்லை. நேரில் நின்றார். சிலிண்டர் வெடித்தது. பலத்த காயத்தோடு உயிர் பிழைத்தார். கண் பார்வை போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 42. கூடப் பிறந்த ஆல்பின் கண் மருத்துவப் பேராசிரியர் என்பதுதான் இதில் இன்னும் கொடுமை.

சில வாரங்கள் கழித்து செய்தி வந்தது. அந்த வருடத்து இயற்பியல் நோபல் பரிசு டாலேனுக்கு! பிளாங்க்கும் ஐன்ஸ்டீனும் இன்னும் வாங்காத பரிசு. பரிதாபப்பட்டுக் கொடுத்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. நோபல் பரிந்துரைகள் ஜனவரியோடு முடிந்துவிடும்; அவர் பெயர் விபத்துக்கு முன்பே பட்டியலில் இருந்தது. அவரது விளக்குகளால் பாறையில் மோதாமல் தப்பிய கப்பல்களை நினைத்தால், கொடுத்ததில் தப்பே இல்லை. டிசம்பர் 10 அன்று மேடையேறிப் பரிசை வாங்கிக்கொண்டவர் ஆல்பின்.

பார்வை போனவர் வீட்டோடு முடங்கிவிட்டாரா? இல்லை. இன்னும் 25 வருடம் அதே கம்பெனியை நடத்தினார். மனைவி நாள் முழுக்க அடுப்போடு போராடுவதைக் கவனித்து (பார்க்காமலே!) 1922ல் சூட்டைச் சேமித்து வைக்கும் கனமான வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். ஆகா அடுப்பு என்றால் இங்கிலாந்தில் இன்றைக்கும் தனி மவுசு. வாயுக் கம்பெனியை 2000 வாக்கில் ஜெர்மனியின் லிண்டே வாங்கிவிட்டது.

டாலேன் 1937 டிசம்பர் 9ல் காலமானார். தன் அடுப்பு எப்படி இருக்கும் என்பது அவர் கைகளுக்கு மட்டும்தான் தெரியும்.